தலைவருக்கு உரிய எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் என் கையில் விழுந்தபோது, செருப்பை எங்கே கழற்றிவிட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முனியாண்டி கோயில் பூசை. பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ சாலையில், பழைய கிடங்குகளுக்குப் பின்னால், அரசமரத்தடியில் ஒண்டிக்கொண்டிருக்கும் சின்னக் கோயில். சாமிக்குச் சுருட்டு பற்ற வைத்தாகிவிட்டது. கறுப்பு பீர் போத்தலையும் திறந்து வைத்தாகிவிட்டது. பின்பக்கம் அண்டாவில் வெந்துகொண்டிருந்த ஆட்டுக்கறி வாசனை வயிற்றைக் கிள்ளியது. கடலில் தண்ணீர் வற்றியிருந்ததால் சேற்று வாடையும் கூடவே வந்தது. எங்கள் எல்லோர் உடம்பிலும் ஒரே மஞ்சள் டீ-சட்டை. நெஞ்சில் நங்கூரம், முதுகில் சங்கத்தின் பெயர்.

கூட்டத்துக்கு முன்னால் எப்போதும் நிற்பவர் சந்திரண்ணன். எங்கள் சங்கத்தின் தலைவர். அன்றும் அவர்தான் நின்றார். சூலத்தின் நுனியில் குத்தியிருந்த பழத்தைப் பூசாரி எடுக்கப் போகும் நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே என் தோளைத் தொட்டார்.

"பாலா, கொஞ்சம் முன்னுக்கு நில்லுங்க. இந்தா வந்துர்றேன்."

நான் போய் நின்றேன். நிற்கச் சொன்னால் நிற்பவன் நான். பூசாரி ஐயா திரும்பினார். அவருக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆளை நெருங்கி வந்து முகர்ந்து பார்ப்பதுபோல்தான் அடையாளம் கண்டுகொள்வார். பழத்தைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, என் வலது கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

உடுக்கைச் சத்தம் நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு கைதட்டல் கேட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சந்திரண்ணன்தான் தட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள்.

பழம் கைக்கு வந்தால்

வெளியாருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எலுமிச்சம்பழம் எந்த பாசாரிலும் கிடைக்கும். ஆனால் துறைமுகத்தில் வேலை செய்யும் எங்களுக்கு அந்த ஒரு பழத்தின் கணக்கே வேறு. வருடப் பூசையில் சூலத்திலிருந்து இறங்கும் முதல் பழம் சங்கத் தலைவர் கைக்குப் போகும். அதற்குச் சில வாரம் கழித்து ஆண்டுக் கூட்டம். பழம் வாங்கியவர் பெயரை ஒருவர் முன்மொழிவார், மற்றவர்கள் கை தூக்குவோம், பிறகு பிரியாணி சாப்பிடுவோம்.

சங்கத்தின் சட்டதிட்டத்தில் இப்படி எங்கும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து யாரும் போட்டியிட்டதில்லை. யாருக்குக் கை தூக்க வேண்டும் என்பதைப் பூசையன்றே சாமி சொல்லிவிடுவார்.

ஒரு காலத்தில் சரக்கு வேலை எல்லாம் இந்தக் கரையில்தான் நடந்ததாம். இப்போது கொள்கலன் கப்பல்கள் அக்கரையில், பட்டர்வொர்த்தில் அணைகின்றன. வேலை கடல் தாண்டிப் போய்விட்டது, சாமி மட்டும் ஜார்ஜ்டவுனிலேயே தங்கிவிட்டார். ஒருமுறை சாமியையும் அக்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு எழுந்தது. சாமிக்கு ஃபெரி ஒத்துக்கொள்ளாது என்று பூசாரி சொல்லிவிட்டார். அவருடைய வீடு பக்கத்துச் சந்தில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்திருக்காது.

அதனால் ஜார்ஜ்டவுன்காரனான நான் தினமும் ஃபெரி ஏறி அக்கரைக்கு வேலைக்குப் போவேன். அக்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒருநாள் ஃபெரி ஏறிச் சாமி கும்பிட இங்கே வருவார்கள்.

அன்றைக்குப் பழத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் முதலில் பார்த்தேன். பூசாரி அதற்குள் சாமி பக்கம் திரும்பிவிட்டார். சந்திரண்ணனிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாமி ஒங்களுக்குக் குடுத்தத நான் வாங்கலாமா பாலா? தப்புலா. வச்சுக்குங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பயப்படுவதா, நிம்மதி அடைவதா என்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன்.

ஒரே ஆள், மூன்று நாற்காலி

சந்திரன் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. இந்த அத்தியாயத்தில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதைத் தடுக்க என்னால் ஆகாது.

அவர் மூன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாவது, சங்கத் தலைவர். இரண்டாவது, குத்தகைக்காரர், கப்பலுக்கு ஆள் அனுப்பும் வேலை அவருடைய மைத்துனர் பெயரில் இருந்தது, எல்லாம் செய்தது இவர். மூன்றாவது நாற்காலியைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டோம். "அவரு நம்பர் ஆளுலா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதோடு சரி. எங்கள் ஊரில் குண்டர் கும்பலுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

முதலாளியும் தொழிலாளர் சங்கமும் ஒரே ஆள் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. மறுநாள் வேலைக்கு யார் யார் வர வேண்டும் என்று தினமும் மாலையில், பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்கும் நேரத்தில், வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வரும். சந்திரண்ணனுடைய ஆள் ஒருவன் வரிசையாகப் பெயர் கூப்பிடுவான். பெயர் வந்தால் வேலை. வராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எங்கே போய் முறையிடுவது? சங்கத்திடம்தான். சங்கம் யார்?

சில கப்பல்களுக்கு எங்களில் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அவருடைய நெருங்கிய ஆட்கள் மட்டும் போவார்கள். சில கொள்கலன் பெட்டிகள் பரிசோதனைக்கு நிற்காமலே வெளியே போகும். கஷ்டமான வேலைக்கு நம்மை அனுப்பாமல் தன் ஆட்களையே அனுப்புகிறாரே, நல்ல மனசு என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது இதை என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதுல சிகரெட்டு வருதுங்க, கள்ள சிகரெட்டு. பினாங்குல இருக்கற பூனைக்குக்கூட தெரியும். நீங்க ட்யூப்லைட்டுலா."

அவள் சொன்னது சரிதான். பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலேயே நான் அப்படித்தான். விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதியதும் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று நான் வாத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்பு ஒருவர் புதுச் சங்கம் ஒன்று ஆரம்பிக்க ஆள் சேர்த்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலிலேயே எரிந்தது. அவர் சுங்கை பாக்காப்பில் மாமனார் வீட்டோடு போய்விட்டார். துறைமுகம் என்ற பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார் என்று கேள்வி.

அதே சந்திரண்ணன்தான் என் அம்மா இறந்தபோது முதல் ஆளாக வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் எங்கள் சங்கத்தின் தண்ணீர்ப்பந்தல்தான் பெரியது. அவரே மோர் ஊற்றிக் கொடுப்பார். இந்த மனிதரைக் கும்பிடுவதா, கண்டால் ஒதுங்குவதா? எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் சரியாகத் தெரியவில்லை.

சாமி மேடையில் ஒரு பழம்

பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரோஜா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத ஏன் வாங்குனீங்க?"

"நான் வாங்கலம்மா. கையில வச்சுட்டாரு."

"கைய எதுக்கு நீட்டுனீங்க?"

சாமி முன்னால் நின்றால் கை தானாகத்தானே நீளும்.

பழத்தை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. தின்னக் கூடாது, எறியக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. வாடிப்போகாமல் இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்தோம். மறுநாள் என் மகன் பால் விடாத தே ஓ டீ கலக்கி, ஐஸ் போட்டு, அதில் பிழிவதற்கு அந்தப் பழத்தைக் கத்தியும் கையுமாக எடுத்துவிட்டான். சரோஜா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். அதற்கப்புறம் பழம் சாமி மேடைக்கு ஏறியது.

இரண்டொரு நாளில் எங்கள் அடுக்குமாடியின் கீழே இளைஞர்கள் சிலர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை, ஒன்றும் செய்யவில்லை. துணி காயப்போடப் போன சரோஜா பாதித் துணியோடு உள்ளே வந்துவிட்டாள்.

"பழத்த கொண்டுபோய் அந்த ஆளுகிட்டயே குடுத்துட்டு வாங்க. நமக்கு வேணாங்க இந்த சுசா, தொல்ல எல்லாம்."

அவள் பயந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் குரல் நடுங்கியது.

என் மேசை நிறைந்தது

துறைமுகக் கேன்டீனில் நான் எப்போதும் தனியாகத்தான் சாப்பிடுவேன். பூசைக்குப் பிறகு என் மேசைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவன் கோபால். என்னோடு பல வருடம் கப்பலில் வேலை செய்தவன். தட்டைக் கொண்டுவந்து எதிரில் வைத்தான்.

"அண்ணே, நீங்க நிக்கறீங்கதானே?"

"எங்க நிக்கறேன்?"

அவன் சிரித்தான். நான் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டான். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். பிறகு நாற்காலி போதவில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஆளாளுக்கு ஒரு குறை சொன்னார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்று லீவு எடுத்ததிலிருந்து பெயர் கூப்பிடவில்லை. இன்னொருவனுக்குக் கையுறை கேட்டதற்கு ஏச்சு. எல்லாப் பேச்சும் கடைசியில் ரவியிடம் போய் முடிந்தது.

ரவி எங்கள் குழுவில் வேலை பார்த்தவன். கப்பலில் பெட்டிகள் ஆடாமல் இருக்க நீண்ட இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அந்தக் கம்பியைக் கழற்ற வேண்டும். ஒரு கம்பிக்கு இரண்டு பேர் வேண்டும். பூசைக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு நாள், எங்களில் பாதிப் பேரை வேறு கப்பலுக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ரவி தனியாகக் கழற்றினான். கம்பி நழுவிக் காலில் இறங்கியது.

அடுத்த வரிசையிலிருந்து முதலில் ஓடியவன் நான். பூட்ஸுக்குள் ரத்தம் நிறைந்து வெளியே வழிந்தது. கயிற்றை அவிழ்க்க வரவில்லை, விரல் வழுக்கியது. பல்லால் இழுத்து அவிழ்த்தேன். உப்பும் கிரீஸும் கலந்த அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பாதத்தில் பாதியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

குத்தகைக்காரர் கொடுத்த அறிக்கையில், ரவி பூட்ஸ் போடவில்லை, குடித்திருந்தான் என்று இருந்தது. அதனால் இழப்பீடு இல்லை என்றார்கள். சங்கம் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னுடைய அறிக்கையைத் தானே எதிர்க்க யாரால் முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவியின் மனைவி மகேஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பூசையில் தூரத்தில் பார்த்ததுதான். உள்ளே வந்தவள் முதலில் சாமி மேடையில் இருந்த பழத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, அவருக்குக் காலு போனதுகூட பரவாலண்ணே. குடிச்சிட்டுப் போனான்னு எழுதிட்டாங்க. அவரு கல்யாணத்துக்கப்புறம் தொட்டதே இல்ல. பிள்ளைங்க ஸ்கூல்ல கேக்குதுங்க. அந்த பூட்ஸ நீங்கதானே கழட்டுனீங்க? கூட்டத்துல அத மட்டும் சொல்லுங்கண்ணே. வேற ஒன்னும் வேணாம்."

சரோஜா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பழத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னவள் அவள்தான். மகேஸ்வரி போன பிறகு என்னிடம் வந்தாள்.

"பூட்ஸு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பல்லால அவுத்தேன்."

"அப்ப சொல்லிட்டு வாங்க. பழத்த அப்புறம் பாத்துக்கலாம்."

கூட்டத்துக்கு முன்னால் ஒரு கெரேத்தா பயணம்

கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஃபெரிக்கு நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் சந்திரண்ணன் கெரேத்தா வந்து நின்றது. "ஏறுங்க பாலா, பாலம் வழியா போறேன், வீட்டுல விட்டுர்றேன்" என்றார். ஏறாமல் இருக்க முடியுமா? கார்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாலத்தின் நடுவில் வரும்வரை அவர் ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு, "நில்லுங்க பாலா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கண்ணே, இங்கயேவா?"

"தேர்தல்லலா! ஜனநாயகம்தானே. நான் எத்தன வருஷம் இருக்கறது? ஒங்ககூட எல்லாரும் சாப்படறாங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

"எனக்கு அதெல்லாம் வராதுண்ணே. ரவி விஷயம் மட்டும் ஒன்னு பேசணும்."

"தாராளமா பேசுங்க. யாரு தடுக்கறா? அன்னிக்கு கூட இருந்தவங்களையும் பேசச் சொல்லுங்க. ஒரு ஆளு சொன்னா எடுபடாது பாருங்க."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கீழே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். நான் மாடி ஏறினேன். இவர் எனக்குத் துணையா, எதிரியா? சரோஜாவிடம் கேட்டேன். எனக்கே புரியாததை அவளிடம் எப்படிச் சொன்னேனோ, அவளுக்கும் முதல்முறையாக ஒன்றும் புரியவில்லை.

தூக்கிய கைகள்

கூட்டம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் மல்லிகைப்பூ இன்னும் மேடை ஓரத்தில் கிடந்தது. மஞ்சள் சட்டைகள். கதவருகே சட்டை போடாத, அதாவது சங்கச் சட்டை போடாத, இளைஞர்கள் கை கட்டி நின்றார்கள்.

நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"ரவி அன்னிக்கு பூட்ஸு போட்டிருந்தாரு. நான்தான் பல்லால அவுத்தேன். தூக்கும்போது அவரு வாய்கிட்ட என் முகம் இருந்துச்சு. வாடை ஒன்னும் இல்ல. ஆளு பத்தல, அதனாலதான் தனியா கழட்டுனாரு." அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு சந்திரண்ணன் பாலத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. "அன்னிக்கு ஆளு பத்தலன்னு தெரிஞ்சவங்க கைய தூக்குங்க" என்றேன்.

கோபால்தான் முதலில் தூக்கினான். பிறகு அவன் பக்கத்து ஆள். பிறகு என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும். எதிர்பாராத சிலரும் தூக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேர் நம்மோடு இருக்கிறார்களா என்று நெஞ்சு விம்மியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பெருமை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சந்திரண்ணன் மண்டபத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார். "அப்படியே வச்சிருங்க, எறக்காதீங்க" என்றார். பிறகு சொன்னார்: "சரி. ரவி நம்ம தம்பி. அறிக்கையில தப்பு நடந்திருக்கு. நானே முன்ன நின்னு திருத்தித் தர்றேன்."

மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் யாரோ அவர் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார்கள். கோபால் என்னைப் பார்த்தான். எழுந்திருங்கண்ணே என்று கண்ணால் கெஞ்சினான். வந்த வேலை முடிந்துவிட்டது என்று நான் உட்கார்ந்திருந்தேன். போட்டியின்றித் தேர்வு. பிரியாணி நன்றாக இருந்தது.

மாலைக் குரல்

அடுத்த வாரமே அறிக்கை திருத்தப்பட்டது. ரவிக்கு இழப்பீடு வந்தது. சொன்ன சொல்லைச் சந்திரண்ணன் காப்பாற்றினார். நான் நாலு பேரிடம் அவரைப் புகழ்ந்தும் பேசினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாலை, பாங்கு கேட்டு முடிந்ததும், வாட்ஸ்அப்பில் அந்தக் குரல் வந்தது. முதல் பெயர் என்னுடையது. இதற்கு முன்னால் நான் நடுவில் எங்கேயோதான் வருவேன். குரல் முடிந்தது. கோபால் பெயர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அன்றைக்குக் கை தூக்கிய ஒருவர் பெயரும் வரவில்லை. என் பெயர் மட்டும் தினமும் முதலில் வந்தது.

சந்திரண்ணனைப் போய்ப் பார்த்தேன். வேலை கொடுப்பது கம்பெனி, சங்கத் தலைவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். அப்படியானால் கம்பெனியிடம் கேட்கிறேன் என்றேன். கம்பெனியாகவும் அவரே பேசினார்: ஆட்கள் விஷயத்தைச் சங்கத்தோடு பேசித்தான் முடிவு செய்வோம் என்றார். ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டையும் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் மூன்றாவது நாற்காலி பேசியிருக்கும். பேச்சோடு பேச்சாக, பூசாரி வீட்டுக்குச் சரோஜா தேங்காய் கொடுக்கப் போனதைப் பற்றிக்கூட விசாரித்தார்; அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

கேன்டீனில் என் மேசை மறுபடியும் காலியானது. இந்தத் தடவை அது வேறு மாதிரிக் காலி. நான் உட்கார்ந்தால் பக்கத்து மேசையும் எழுந்துகொண்டது.

கோபாலை அக்கரையில், செபராங் ஜெயாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் பார்த்தேன். அங்கே பக்கத்துத் தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். அவன் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தன நாளாண்ணே இந்த கெர்ஜா?" என்றான்.

"எந்த வேல?"

"அவருக்கு ஆளு புடிச்சுக் குடுக்கற கெர்ஜா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அழுகை வந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

அன்று மாலையே அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். துறைமுகத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். சந்திரண்ணன் பெரிய தொகை கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பூசாரியின் புதுக் கண்

பூசாரி ஐயாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அரசமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு, "வா பாலா" என்றார்.

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஐயா, அன்னிக்குக் கண்ணு தெரியாமதானே பழத்த என் கையில வச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணு தெரியலதான். ஆனா அதுனால இல்லப்பா. சந்திரன் மொத நாளே வந்து சொன்னான். 'நான் போன் பேச ஒதுங்குவேன், முன்னுக்கு பாலன் நிப்பான், அவன் கையில குடுங்க'ன்னான். எதுக்குடான்னு கேட்டேன். ரவி காலு போனதுலருந்து பசங்க முணுமுணுக்கறாங்க, யாரு யாருன்னு தெரியல, இப்படி ஒரு ஆள நிக்க வச்சா தானா வந்து சேருவாங்கன்னான்." அவர் சாமியைத் திரும்பிப் பார்த்தார். "இந்தக் கோயிலு நெலம் யாரு தயவுல இருக்குன்னு ஒனக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. அதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தோளைத் தொட்ட கை. முதல் கைதட்டல். கூட இருந்தவர்களையும் பேசச் சொல்லுங்க. அப்படியே வச்சிருங்க, எறக்காதீங்க. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

மகேஸ்வரி வந்தாள்

போன மாதம் ஒரு சாயங்காலம் மகேஸ்வரி வந்தாள். ரவி செயற்கைப் பாதம் மாட்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டானாம், அவர்கள் குடியிருக்கும் தாமான் முனையில் அவனும் அவளும் பலகாரக் கடை போட்டிருக்கிறார்களாம். ஒரு டப்பாவில் கேசரி கொண்டுவந்திருந்தாள். வாங்கி வைத்தோம். எடுத்துத் தின்னத்தான் தோன்றவில்லை.

"எங்களுக்கு நல்லது நடந்துச்சுண்ணே. ஆனா கோபால் அண்ணே சம்சாரத்த பாசார்ல பாத்தா நான்தான் தலய குனிஞ்சிக்கறேன்" என்றாள்.

பூசாரி சொன்னதை அவளிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. சாமி மேடையில் பழம் இன்னும் இருக்கிறது. சுருங்கி, கறுத்து, கோலிக்குண்டு அளவாகிவிட்டது. அழுகவில்லை.

"அண்ணே, ஒன்னு கேப்பேன், உண்மைய சொல்லணும். எல்லாரும் சொல்றாங்க ஒங்களுக்கு முன்னமே தெரியும்னு."

"சத்தியமா தெரியாதும்மா. எனக்கு எதுவுமே சட்டுனு புரியாது, கேட்டுப் பாரு இவள. ஊருல அத்தன ஆளு இருக்க, எதுக்கு என்னைப் போயி அவரு நிக்க வச்சாருன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல."

மகேஸ்வரி அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குத்தாண்ணே ஒங்கள நிக்க வச்சிருக்காரு. வேற யாரா இருந்தாலும் புரிஞ்சிருக்கும்."

நான் சரோஜாவைப் பார்த்தேன். ட்யூப்லைட் என்று அவள் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அவள் சொல்லவில்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.